பறவையின் அலகில் என்ன இருந்தது?

[திரையில்: பசிபிக் வரைபடம். மேலே ஹவாய், கீழே தஹீட்டி, நடுவில் வெறும் நீலம்.]

மேலே ஹவாய். கீழே தஹீட்டி. இடையில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் கடல். 1976 மே 1-ஆம் தேதி, மாவி தீவின் ஹோனலுவா விரிகுடாவிலிருந்து ஒரு பாய்மரப் படகு இதைக் கடக்கக் கிளம்பியது. திசைகாட்டி, வரைபடம் எதையும் பார்த்து ஓட்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆட்களோடு ஒரு நாய், ஒரு பன்றி, கொஞ்சம் கோழிகள், செடிகள். குடியேறப் போன முன்னோர்கள் எதை ஏற்றிக்கொண்டு போனார்களோ, அதே சாமான்.

இந்த வம்பு எதற்கு என்றால், பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது.

ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு) மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வருகிற பிரம்மாண்டமான முக்கோணம்தான் போலினீசியா. அதற்குள் வாழ்கிறவர்கள் பேசுவது ஒரே குடும்பத்து மொழிகள். எப்படிப் பரவினார்கள்? தோர் ஹேயர்டால் என்ற நார்வேக்காரர் 1947-இல் பெருவிலிருந்து ஒரு கட்டைத் தெப்பத்தில் 101 நாள் மிதந்து வந்து, தென் அமெரிக்காவிலிருந்து காற்றோடு வந்திருப்பார்கள் என்றார். 1956-இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற ஆய்வாளர், தூரத் தீவுகளைத் திட்டமிட்டுப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது, வழி தவறியவர்கள் தற்செயலாகக் கரை ஒதுங்கியிருப்பார்கள் என்று எழுதினார். ஒரு ஹவாய்க்காரர் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? உன் பாட்டன் பூட்டன் வழி தெரியாமல் வந்தவன் என்றுதானே.

வாதம் செய்வதை விட ஓட்டிக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள் மூன்று பேர்: மானுடவியலாளர் பென் ஃபின்னி, ஓவியர் ஹெர்ப் கானே, கடலோடி டாமி ஹோம்ஸ். 1973-இல் போலினீசியக் கடற்பயணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1975 மார்ச்சில் படகு தண்ணீரில் இறங்கியது.

[திரையில்: படகின் மேல்தோற்றம்.]

பெயர் ஹோகுலேயா. சுமார் 19 மீட்டர் நீளம். இரண்டு மெலிந்த ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, குறுக்கே கட்டைகள் போட்டு, கயிற்றால் வரிந்து கட்டியிருக்கிறார்கள். ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிட வேண்டும்: ஓடங்கள் பழைய முறையில் குடைந்த மரம் இல்லை, பிளைவுட்டும் ஃபைபர்கிளாஸும்தான். இரட்டை ஓடப் படகை ஆங்கிலத்தில் கேட்டமரான் என்பார்கள். அது நம் கட்டுமரம் போய் ஆங்கிலம் ஆனது. நம் கட்டுமரத்துக்கு இரண்டு ஓடம் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஹோகுலேயா என்றால் மகிழ்ச்சி நட்சத்திரம். வானத்தில் அது எது தெரியுமா? நாம் சுவாதி என்கிறோமே, அதே நட்சத்திரம். ஹவாயில் அது நேர் உச்சியில் கடந்து போகும். தெற்கிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்கு, சுவாதி தலைக்கு மேல் வந்தால் வீடு இருக்கும் அட்சரேகைக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

படகு தயார். ஓட்டுவதற்கு ஆள்? கருவி இல்லாமல் இவ்வளவு தூரம் வழி கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர்கூட அப்போது ஹவாயில் இல்லை. கடைசியில் மேற்குப் பசிபிக்கின் மைக்ரோனீசியாவில், சதவால் என்ற பொடித் தீவில் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். மாவ் பியாய்லுக். அப்போது நாற்பதைத் தாண்டிய வயது. குழந்தையாக இருந்தபோதே தாத்தா அவரைக் கரையோரக் குட்டைகளில் உட்கார வைத்து, அலை உடம்பில் எப்படித் தட்டுகிறது என்று பழக்கியிருந்தார்.

அவருக்குத் தெரிந்தது என்ன? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

[திரையில்: வட்டமான அடிவானம், நடுவில் படகு.]

ஒரு நட்சத்திரம் வருடம் முழுக்க அடிவானத்தின் ஒரே இடத்தில்தான் உதிக்கும், ஒரே இடத்தில்தான் மறையும். நேரம்தான் மாறும், இடம் மாறாது. அப்படியானால் அடிவானமே ஒரு திசைகாட்டி. ஒரு நட்சத்திரம் உயரே போய்விட்டால், அதே இடத்தில் உதிக்கும் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். மாவ் இந்த வரிசைகளை மனப்பாடமாக வைத்திருந்தார்.

மேகம் மூடிவிட்டால்? அலை. பக்கத்துக் காற்று கிளப்பும் அலையைச் சொல்லவில்லை. எங்கோ தூரத்தில் பிறந்து, நாள்கணக்கில் திசை மாறாமல் வரும் நீண்ட அலை. இரண்டு மூன்று திசையிலிருந்து ஒரே நேரத்தில் வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மாவ் ஓடத்துக்குள் படுத்துக்கொண்டு, படகு முன்னும் பின்னும் ஏறி இறங்குவதையும் பக்கவாட்டில் உருளுவதையும் வைத்துத் திசையைச் சொல்வார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ரயிலில் போகும்போது நாம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, மரங்கள் பின்னால் ஓடுவது போல் தெரியுமே? மாவின் ஊர்க் கணக்கும் அதுதான். படகு அசையாமல் நிற்கிறது. தீவுகள்தான் நகர்ந்து வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத பக்கத்துத் தீவு இப்போது எந்த நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் என்று மனதில் நகர்த்திக்கொண்டே வருவார்கள். ஒரு தடவை கண்ணயர்ந்து கணக்கு விட்டுப்போனால், வந்த தூரம் அத்தனையும் போச்சு. அதனால் வழிகாட்டிக்குத் தூக்கம் என்பதே இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம்.

அப்புறம் ஒரு சிக்கல். மாவ் வளர்ந்த வானம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ளது. சதவாலும் மட்டக்களப்பும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. துருவ நட்சத்திரம் தாழ்வாகவாவது தெரியும். தஹீட்டியோ நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே. போகப் போகத் துருவ நட்சத்திரம் கடலுக்குள் இறங்கி மறைந்தே போகும். காற்றும் கிழக்கிலிருந்து அடித்துப் படகை மேற்கே தள்ளும். தஹீட்டிக்கு மேற்கே நழுவிவிட்டால் எதிர்காற்றில் ஏறி வருவது பெரும்பாடு. அதனால் முதலிலேயே முடிந்தவரை கிழக்கே ஒட்டிப் போய், வேலி மாதிரி நீளமாகக் கிடக்கும் துவாமோத்து பவளத் தீவுகளில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட வேண்டும். அங்கிருந்து தஹீட்டி கைக்கெட்டும் தூரம்.

நடந்ததும் அதுதான். நடுவில் காற்றே இல்லாத பகுதியில் படகு நின்று நின்று போனது. ஆட்களுக்குள் சண்டையும் வந்தது, லேசான சண்டை இல்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழிந்த பிறகு வெள்ளை ஆலாப் பறவைகள் கண்ணில் பட்டன. இந்தப் பறவை காலையில் தீவிலிருந்து மீன் பிடிக்கக் கடலுக்குப் போகும், சாயங்காலம் தீவுக்குத் திரும்பும். அடுத்து மடாய்வா என்ற பவளத் தீவு வந்தது. ஜூன் 4 அன்று தஹீட்டியின் பப்பேட்டே துறைமுகம். 17,000 பேருக்கு மேல் கரையில் நின்றார்கள். சிறுவர்கள் நீந்தி வந்து ஏறிய ஏற்றத்தில் படகின் பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்தது.

மாவ் மட்டும் திரும்பிப் போகும் பயணத்துக்கு வரவில்லை. அந்தச் சண்டை மனதை விட்டுப் போகவில்லை. நேரே ஊருக்குப் போய்விட்டார்.

1978 மார்ச்சில் அவர் இல்லாமல் இன்னொரு பயணம் கிளம்பியது. ஹவாய்த் தீவுகளுக்கு நடுவிலுள்ள மொலோகாய் நீரிணையில் முதல் இரவே படகு கவிழ்ந்தது. எடி ஐகாவ் என்ற புகழ்பெற்ற அலைச்சறுக்கு வீரர், உதவி கொண்டுவருகிறேன் என்று தன் பலகையில் ஏறித் துடுப்புப் போட்டுக் கிளம்பினார். மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். எடி கிடைக்கவே இல்லை.

அதன் பிறகு நைனோவா தாம்ப்ஸன் என்ற இளைஞர் மாவைத் தேடிப் போய்க் கேட்டார்: எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள். மாவ் 1979-இல் ஹவாய் வந்தார். 1980 மார்ச்சில் ஹோகுலேயா மறுபடி தஹீட்டிக்குக் கிளம்பியது. இந்த முறை வழிகாட்டி நைனோவா. மாவ் படகில்தான் இருந்தார், ஆனால் வாயே திறக்கவில்லை.

[திரையில்: விடியற்காலைக் கடல், ஒற்றைப் பறவை.]

ஒரு மாதம் போல ஆன பின், முந்திய சாயங்காலம் ஆலாக்களைப் பார்த்துவிட்டார்கள். தீவு பக்கத்தில் இருக்கிறது. காலையில் ஒரு பறவை பறந்து போனது. நைனோவா பாடத்தில் படித்தபடி கணக்குப் போட்டார்: காலை நேரம், பறவை தீவை விட்டுக் கடலுக்குப் போகிறது, ஆகவே தீவு அதற்கு எதிர்ப்பக்கம். படகை அந்தப் பக்கம் திருப்பினார்.

அப்போதுதான் மாவ் பேசினார். படகைத் திருப்பு, பறவை பின்னாலேயே போ. காரணம் சொல்லவில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில், நைனோவாவை விட வயதில் பெரியவரும் கண்பார்வை குறைந்தவருமான மாவ் விளிம்பில் ஏறி நின்று கை நீட்டினார். தீவு.

எப்படித் தெரிந்தது? பறவையின் அலகில் ஒரு சின்ன மீன் இருந்தது. குஞ்சு பொரித்திருக்கும் காலம். விடிவதற்கு முன்பே போய், தான் தின்னாமல், குஞ்சுக்கு எடுத்துக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தது. பயிற்சியில் அவர் இதை மட்டும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று பின்னாளில் சொன்னார் நைனோவா.