கிரியோன் ஒரே ஆள்தான்!

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி நண்பர் கைதட்டலோடு போய் உட்கார்ந்திருக்கிறார். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபோகிளீஸ் தீபஸ் நகரத்து அரச குடும்பத்தைப் பற்றி எழுதிய மூன்று நாடகங்களிலும், ஈடிபஸ் மன்னனின் மைத்துனனாக வரும் கிரியோனுக்குப் பெயர்தான் ஒன்று, ஆள் மூன்று என்றார். 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் நல்லவன், 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில் ஆள் கடத்துகிறவன், 'ஆன்டிகனி'யில் கொடுங்கோலனாம். கதையில் கடைசியாக வரும் ஆன்டிகனி கி.மு. 441 வாக்கிலேயே வந்துவிட்டது, கொலோனஸ் நாடகமோ ஆசிரியர் இறந்த பிறகு கி.மு. 401இல் மேடையேறியது, இத்தனை வருஷத்தில் எழுதியவருக்கே பாத்திரம் மறந்திருக்கும் என்றும் சொன்னார்.

வருஷக் கணக்கு சரி. ஆள் கணக்குதான் தப்பு.

அந்த 'நல்லவனை'க் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நீயும் குருட்டு ஞானி டைரீசியஸும் கூட்டுச் சேர்ந்து என் அரியணையைப் பறிக்கப் பார்க்கிறீர்கள் என்று ஈடிபஸ் பாய்கிறான். கிரியோன் முதலில் எடுத்து வைக்கும் வாதம் என்ன? ராஜாவின் செல்வாக்கு எனக்கும் இருக்கிறது, ராஜாவின் பயம் எனக்கு இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறேன், இதை விட்டுவிட்டு எவன் பட்டம் கேட்பான்? அப்பட்டமான லாப நஷ்டக் கணக்கு, நடுவர் அவர்களே! ஈடிபஸை நாடு கடத்துவதற்கு முன்னால் தெய்வத்திடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறானே, அது பக்தி இல்லையா என்பீர்கள். பக்திதான். ஆனால் அவனுக்கு அதில் கைக்காசு செலவு இல்லை.

செலவு வந்தபோது? 'ஆன்டிகனி' நாடகத்தில் கிரியோன்தான் ராஜா. ஊர்மேல் படையெடுத்து வந்து செத்த ஈடிபஸின் மகன் பாலினைசிஸைப் புதைக்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறான்; தடையை மீறிய தங்கை ஆன்டிகனியைக் குகையில் அடைத்திருக்கிறான். அதே டைரீசியஸ் வந்து, அந்தப் பிணத்தைப் புதைத்துவிடு என்கிறார். ஜீயஸின் கழுகுகளே அந்தப் பிணத்தைக் கொத்திக்கொண்டு போய் ஜீயஸின் சிம்மாசனத்தில் போட்டாலும் புதைக்க விடமாட்டேன் என்கிறான் இவன். அதோடு, ஞானி காசு வாங்கிவிட்டார் என்று பழி வேறு. அன்றைக்கு ஈடிபஸ் இவன்மேல் வீசிய சேற்றை இவன் பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறான், பாருங்கள்!

கொலோனஸில் பேச்சு முழுக்கத் தேன். ஊரே உன்னை அழைக்கிறது, வா என்று நாடு கடத்தப்பட்டு அலையும் பார்வையற்ற கிழவன் ஈடிபஸிடம் குழைகிறான். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்பே ஈடிபஸின் மகள் இஸ்மினியைப் பிடித்தாகிவிட்டது. அடுத்து இன்னொரு மகள் ஆன்டிகனியையும் இழுத்துப்போகச் சொல்லிவிட்டு, இந்த இரண்டு ஊன்றுகோலும் இனி உனக்கு இல்லை என்கிறான். மாமன் பேசுகிற பேச்சா இது?

எனக்குச் சாட்சி கிரியோனேதான். பட்டத்துக்கு வந்ததும் ஆன்டிகனியில் அவன் பேசும் முதல் பேச்சிலேயே சொல்கிறான்: ஆட்சியும் சட்டமும் கைக்கு வந்து உரசிப் பார்க்கும்வரை ஒருவன் மனசை அறிய முடியாது என்று. ஆள் மாறவில்லை ஐயா, கைக்கு அதிகாரம் வந்தது.

கடைசியில் திருந்தினானே என்று நண்பர் கண் கலங்கினார். சரி, திருந்தியவன் என்ன செய்தான்? முதலில் குகையில் அடைத்த பெண்ணை விடு, அப்புறம் பிணத்தைப் புதை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். இவன் நேரே பிணத்திடம் போகிறான். தனக்கும் ஊருக்கும் தெய்வக் குற்றம் வந்தது அங்கேதானே! கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பி, எல்லாம் முறையாக முடிக்கிறான். குகைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆன்டிகனி தூக்கில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவளுக்கு நிச்சயமாகியிருந்த கிரியோனின் மகன் அழுதுகொண்டிருந்தான்.