மனுவுக்குச் சீட்டு வாங்கினியா?

வணக்கம் நேயர்களே. சிறுபான்மை இளைஞர்களைத் தலைவர்களாக்க மனித உரிமைக் கல்வி எப்படிக் கொடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடலூர், பரங்கிப்பேட்டை, பாகூர் என்று சில வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலையைத்தான் செய்கிறேன், அதனால் முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வகுப்பில் 1948 டிசம்பர் 10, ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம், 30 பிரிவுகள் என்று பலகை நிறைய எழுதினேன். பின்வரிசை தூங்கிவிட்டது. அப்போது ஓர் இருளர் பையன் எழுந்து, "சார், சாதிச் சான்றிதழ் கேட்டா அப்பாவோட சான்றிதழைக் கொண்டான்னு திருப்பி அனுப்புறாங்க, அப்பா பள்ளிக்கூடமே போனதில்ல, இதுக்கு எந்தப் பிரிவு?" என்றான். நான் சாக்பீஸை வைத்துவிட்டேன்.

சட்டப்படி சிறுபான்மை என்றால் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணர் என்று மத்திய அரசு அறிவித்த ஆறு மதத்தார். மொழிச் சிறுபான்மை தனி. இருளர் அதில் வரமாட்டார்கள், பழங்குடிப் பட்டியலில் வருவார்கள். அதுவும் கடலூர்ப் பக்கம்தான் பல காலமாக. எல்லை தாண்டிப் பாகூர் போனால், அதே சொந்தபந்தம், அதே பாம்பு பிடிக்கிற கை, ஆனால் புதுச்சேரியில் அவர்கள் பட்டியலில் ஏறியது 2016-ல். இந்த ஒரு கதையைச் சொன்னால் போதும், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இப்போதெல்லாம் வகுப்பு நாடகமாகத்தான் தொடங்கும். ஒருவர் அதிகாரி, ஒருவர் மனுதாரர். வேடிக்கை என்னவென்றால், எவ்வளவு சாதுவான பிள்ளையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் "இன்று போய் நாளை வா" என்கிறது! அப்புறம்தான் எழுத்து வேலை: மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குவது, பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது, புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம் என்று ஸ்டேஷனில் குரல் உயர்த்தாமல் சொல்வது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது.

தலைவர் என்றதும் மைக் பிடிக்கிற பையனைத் தேடாதீர்கள். பரங்கிப்பேட்டையில் ஒரு பெண், கூட்டத்தில் வாயே திறக்கமாட்டாள், ஆனால் தெருவில் யார் பாட்டிக்கு ஓய்வூதியம் நின்றாலும் மனு எழுதிக்கொண்டு கூடவே போவது அவள்தான். எனக்கு அவள்தான் தலைவர்.

சரி, சான்றிதழ் கேட்ட அந்த இருளர் பையன்? கோட்டாட்சியருக்குப் போட்ட மனு யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று கேட்டுத் தகவல் மனு போட்டிருக்கிறான். பதில் வர வேண்டிய 30 நாள் இந்த வியாழக்கிழமையோடு முடிகிறது. வராவிட்டால் முதல் மேல்முறையீடு எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அதுதான்.