ஸ்டான்பார்ட் என்ற முகமூடி

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் காவென்ட்ரியிலிருந்து பேசுகிறேன். வெளியே மழை கொட்டுகிறது, ஆகவே இன்று வண்டி ஓடாது, என் வாய் மட்டும்தான் ஓடும். பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பவர்தான் கதாநாயகர்: 1963 ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஹெரால்டு 1200. இதே ஊரில், கேன்லி தொழிற்சாலையில் பிறந்த வண்டி.

முதலில் இதைப் பாருங்கள். கேமராவுக்கு அருகே கொண்டு வருகிறேன். இரண்டு விரல்களுக்குள் அடங்கும் கறுப்புத் துண்டு, மேலே ஒரு பித்தளைத் தகடு. இதுதான் ரோட்டர் ஆர்ம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழன்றுகொண்டே நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்து மின்சாரம் பங்கிடுவது இதன் வேலை. சென்ற மாதம் ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் பொசுக்கென்று நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி, அதன் ஓட்டுநர் ஹாரனிலேயே என் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்தார். குற்றவாளி இந்தத் துண்டுதான். வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெட்டியோ "அசல்" என்ற எழுத்தோடு அப்படியே 1960களின் பெட்டி போலவே இருந்தது, நானும் அதைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம்.

இப்போது தகட்டின் நடுவே பாருங்கள், ஒரு ரிவெட் தெரிகிறதா? அது ஆழமாக இறங்கி, அடியில் இருக்கும் இரும்புத் தண்டை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நிற்கிறது. இடையில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக். சூடேறியதும் அது தோற்றுவிட்டது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் குறுக்கு வழியில் தண்டுக்குள் இறங்கிவிட்டது. நல்ல வேளையாக, முந்தைய உரிமையாளர் ஒரு பிஸ்கட் டப்பாவில் பழைய ரோட்டர் ஆர்மைப் போட்டு வைத்திருந்தார். தேய்ந்து போனதுதான், ஆனாலும் அதை மாட்டித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. இந்த வண்டியின் ஒவ்வொரு உறுப்பையும் உண்மையில் யார் செய்தார்கள்?

எளிதான கேள்வி என்று நினைத்தேன். துடைக்கத் துடைக்க எங்கு பார்த்தாலும் ஒரே சொல்: ஸ்டான்பார்ட். தெர்மோஸ்டாட் கூட்டின் மேலே இதோ, வார்ப்பிலேயே புடைத்து நிற்கிறது. ஸ்டான்பார்ட் என்று தனியாக ஒரு பட்டறை இருந்தது என்றே முதல் வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள். அது ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் தன் உதிரிப் பாகங்களுக்கு வைத்துக்கொண்ட வணிகப் பெயர். யார் செய்து கொடுத்தாலும் மேலே இந்த முத்திரைதான். அசல் என்று பெட்டியில் எழுதியிருந்ததே, அந்த அசலே ஒரு முகமூடிதான்.

முகமூடிக்குள் மறையாதவர்களும் உண்டு. லூக்காஸ் மறையவே மாட்டார். கார்களுக்கு மின்சாதனங்கள் செய்த பர்மிங்ஹாம் நிறுவனம். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் என்று எதை எடுத்தாலும் உடம்பிலேயே தன் பெயர், மாடல் எண், அதோடு தேதியும் குத்தி வைத்திருப்பார். தேதியின் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் ஆண்டு. என் டிஸ்ட்ரிபியூட்டரில் 63 இருக்கிறது, வண்டியோடு வந்தது. டைனமோவில்? டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறேன். அறுபத்தெட்டு. ஐந்து வயதிலேயே ஒரு டைனமோ மாறியிருக்கிறது. லூக்காஸை இருட்டின் இளவரசர் என்று இங்கே எல்லோரும் கேலி செய்வார்கள். விளக்கு எப்போது அணையும் என்று தெரியாதாம். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. நடுவழியில் என்னை நிறுத்தியது அவர் இல்லை, அவர் வேடத்தில் வந்தவர்.

பிரேக் கெர்லிங், கண்ணாடி டிரிப்ளெக்ஸ். டிரிப்ளெக்ஸ் முத்திரையில் எழுத்துகளை ஒட்டிச் சிறு புள்ளிகள் இருக்கும், ஆண்டைச் சொல்லும் ரகசியக் குறி அது. அதற்குத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

ஆனால் இந்தத் தேடலில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வண்டியின் உடல்தான். ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல்கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953 இல் அதைப் போட்டியாளரான பி.எம்.சி., அதாவது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், வாங்கிவிட்டது. ஒரே கிணற்றை நம்பி இருந்தவனின் கிணற்றைப் பங்காளி வாங்கியது போல. இனி புதிய காருக்கு அங்கே உடல் கிடைக்காது. முழு உடலையும் ஒரே துண்டாகச் செய்து தரக்கூடிய வேறு ஆளும் கையில் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? காரையே துண்டு துண்டாக்கினார்கள். கீழே தனி சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டகம், மேலே தனித்தனிப் பகுதிகள், எல்லாம் போல்ட் போட்டு முடுக்கியவை. ஒரு பகுதி பர்மிங்ஹாமின் மல்லினர்ஸிடம், ஒரு பகுதி லிவர்பூலின் ஹால் எஞ்சினியரிங்கிடம் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். மல்லினர்ஸை 1958 இல் விலைக்கே வாங்கிவிட்டார்கள், சூடு கண்ட பூனை அல்லவா!

1959 இல் ஹெரால்டு வெளிவந்தபோது மற்ற நிறுவனங்கள் எல்லாம் தனி சேஸிஸைக் கைவிட்டு, உடலே சட்டகமாகவும் இருக்கும் ஒற்றைக் கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இவர்கள் மட்டும் பின்னோக்கி நடந்தார்கள் என்று பலர் எழுதினார்கள். இந்த பானெட்டைப் பாருங்கள், மட்கார்டுகளோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் முதலை வாய் போலத் திறக்கிறது. முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம், இப்போது நான் உட்கார்ந்திருப்பது போல. கூரையையும் கழற்றலாம். அதனால்தான் இதே அடித்தளத்தில் கூப்பே, திறந்த கார், எஸ்டேட் எல்லாம் சுலபமாகப் பிறந்தன. வடிவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலாட்டி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பாதியை வரைந்தது சப்ளையர் சண்டை என்பேன் நான். வடிவமைப்புக் காலத்தில் இதற்கு வைத்த பெயர் ஸோபோ. யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பின மாட்டின் பெயராம். தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ.

சரி, கீழே குனியுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் எஃகுத் தண்டு, அதன் அடியில் மரை போட்டுத் திருகிய ட்ரனியன் என்ற தாங்கி. சஸ்பென்ஷன் வேலை ஆல்ஃபர்டு அண்ட் ஆல்டர் நிறுவனத்தினுடையது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு இந்த மரைக்குள்தான் திரும்புகிறது. இதற்குத் தொழிற்சாலைக் கையேடு சொல்வது கியர் ஆயில். பல பட்டறைகள் பழக்கத்தில் கிரீஸை அடைத்துவிடும். கிரீஸ் உள்ளே இறுகி, தண்ணீர் தேங்கி, மரை துருப்பிடித்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பழியோ செய்தவர் மேல்! இதே முன்பக்கத் தண்டைப் பந்தயக் கார் கட்டியவர்களும் வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். மட்டமான பொருளாக இருந்தால் வாங்கியிருப்பார்களா?

அப்படியானால் அசல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கலாமா? வேண்டாம். குவின்டன் ஹேஸல் என்றொருவர் வடக்கு வேல்ஸில் இருந்துகொண்டு, போருக்குப் பின், எல்லா நிறுவனக் கார்களுக்கும் பொருந்தும் உதிரிப் பாகங்களைச் செய்து விற்றார். அவர் பெட்டியைப் பார்த்தால் அசல்வாதிகள் முகம் சுளிப்பார்கள். அந்தக் காலத்து ஹேஸல் பெட்டியும் நேற்று அச்சடித்த "அசல்" பெட்டியும் எதிரெதிரே இருந்தால் என் கை முதலாவதைத்தான் எடுக்கும்.

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஹெரால்டு சென்னையிலும் தயாரானது உங்களில் பலருக்குத் தெரியும். 1961 முதல், வண்டலூர்ப் பக்கத்தில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில். நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் செய்யப்படவே இல்லை, அது நம் ஊர் வேலை. அதே 1961 இல்தான் சென்னையின் பாடி பகுதியில் லூக்காஸ் டி.வி.எஸ். தொடங்கியது, அடுத்த ஆண்டு பிரேக்ஸ் இந்தியா. என் பெரியப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒன்று இருந்தால், பானெட்டைத் திறந்து டைனமோவைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பர்மிங்ஹாமா பாடியா, கடைசி இரண்டு இலக்கம் என்ன? படம் எடுத்து அனுப்புங்கள். துடைக்கும்போது மண்ணெண்ணெய் போதும், உப்புத்தாள் மட்டும் வேண்டாம், எழுத்து போய்விடும்.