வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு "வேண்டாம்" என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு ஒரே விஷயம்தான். ஒருவர் வீடு பார்த்து, விலை பேசி, கையெழுத்துப் போட்டு, முன்பணமும் கட்டிவிட்டார். அப்புறம் "எங்களுக்கு வேண்டாம்" என்கிறார். அந்தப் பணம் யாருக்குச் சேரும்? என் கையில் வந்த ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு வீட்டாரும் பெயர் போடாமல் சொல்லச் சொல்லி அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் என்னைப் பற்றி. வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கும் இந்தத் தொழிலுக்கு நான் புதுசு. இரண்டு நாள் நெகோஷியேட்டர் வகுப்பை முடித்து, பதிவு பெற்ற நெகோஷியேட்டருக்கான ஆர்.இ.என். அட்டையைக் கழுத்தில் மாட்டி இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. அந்த அட்டையில் ஒரு கியூஆர் குறி இருக்கும். யார் வீடு காட்ட வந்தாலும் அதை ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். பெயரும், எந்த நிறுவனத்தின்கீழ் வேலை செய்கிறார் என்பதும் வர வேண்டும். வராவிட்டால் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். சரியான ஆளாக இருந்தாலும் முன்பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடாதீர்கள். வாடிக்கையாளர் பணத்துக்கென்றே நிறுவனம் தனியாக வைத்திருக்கும் வாடிக்கையாளர் கணக்கில் போட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வீட்டுக் கதை சண்டையில்லாமல் முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பணம் யார் கையிலும் இல்லை, கணக்கில் இருந்தது.

வீடு, டவுனுக்குப் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு மாடி தெரஸ் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. விற்பவர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற ஐயா. வாங்க வந்தது இளம் தம்பதி. கணவருக்கு ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டு பேருமே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். பேசி முடித்த விலை 210,000 ரிங்கிட். அதில் 2 விழுக்காடு, அதாவது 4,200 ரிங்கிட் முன்பணம். வாங்கும் விண்ணப்பத்தில் இரு தரப்பும் கையெழுத்து. அடுத்து லோயர் ஆபீசில் விற்பனை ஒப்பந்தம் போடும்போது மீதி 8 விழுக்காடு. பழைய வீடு கைமாறும்போது இதுதான் வழக்கமான முறை.

அந்த விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். நான் அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவேன். ஐயாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அப்படித்தான் படித்தோம். அதில் ஒரு வரி: வங்கிக் கடன் கிடைத்தால்தான் இந்த விற்பனை, கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கொடுக்கப்படும். இந்த வரி எல்லாப் படிவத்திலும் தானாக இருக்காது. நாம் கேட்டுச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் அது பாதிப் பாதுகாப்புதான். என் மேலதிகாரி, அவர் உரிமம் பெற்ற ஏஜென்ட், எனக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது இது: "வெறுமனே கடன் கிடைத்தால்னு எழுதாதம்மா, எவ்வளவு கடன்னு எழுது." அதனால் அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் "189,000 ரிங்கிட்டுக்குக் குறையாத கடன்" என்று எழுதி, இரண்டு தரப்பும் ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார்கள். 210,000-இல் 90 விழுக்காடு அது.

அந்தப் பேனா எழுத்து எதற்கு என்று இப்போது புரியும். வங்கி கடன் கொடுப்பது நாம் பேசிய விலைக்கு இல்லை. அதன் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு, நம் விலை, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். விலை பேசும் முன்பே வங்கி அதிகாரியிடம் வாய்வார்த்தையாக மதிப்புக் கேட்டிருந்தோம், 210,000 வரை போகும் என்றார். ஆனால் வாய்வார்த்தை மதிப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. மதிப்பீட்டாளர் நேரில் வந்தார். முன்கூடத்தில் நின்று இரண்டு படம் எடுத்தார். அடுப்படிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பின்பக்கச் சுவர் வரைக்கும் நீட்டிக் கட்டிய அடுப்படி. தரையில் பச்சை டைல்ஸ், சுவரில் பாதி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், இரட்டைத் தொட்டி சிங்க். ஐயா தன் ஓய்வுக்காலப் பணத்தில் கட்டியது. "பிளான் இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை. நகராண்மைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் கட்டிய பகுதியை மதிப்பில் சேர்க்க அவர் தயாராக இல்லை. வந்த மதிப்பு 185,000.

கணக்கைப் பாருங்கள். 185,000-இல் 90 விழுக்காடு 166,500. வாங்குபவர் தன் கையிலிருந்து போட வேண்டியது 21,000 என்று நினைத்திருந்தது 43,500 ஆகிவிட்டது. ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தையும் சேமிப்பையும் சேர்த்து 21,000-க்குத்தான் அவர்கள் திட்டம் போட்டிருந்தார்கள்.

அன்று இரவு அந்தப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. "அக்கா, நாங்க பேசிப் பார்த்துட்டோம். இந்த வீடு வேணாம்க்கா. கட்டின பணத்த விட்டுடறோம், பரவால்ல. ஐயாகிட்ட எங்க சார்பா மன்னிப்பு கேட்டுடுங்க." என் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. 4,200 வெள்ளி அவர்களுக்குச் சின்னப் பணம் இல்லை. அது அவர்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். பயத்தில் அதை விடத் தயாராக இருந்தார்கள்.

இங்கே ஒன்றைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். பறிமுதலாகும் முன்பணத்தை விற்பவரும் ஏஜென்டும் பாதிப் பாதி பிரித்துக்கொள்வதாகப் பல படிவங்களில் வரி இருக்கிறது. எங்கள் படிவத்திலும் இருக்கிறது. அந்தக் குரல் பதிவை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் எங்கள் பக்கத்துக்கும் 2,100 வந்திருக்கும். விற்பனை நடக்காததால் கமிஷனும் கிடையாது. ஆனாலும் அறியாமையால் ஒருவர் விட்டுக்கொடுக்கும் பணத்தில் எனக்குப் பங்கு வேண்டாம். என் நிறுவனமும் அப்படித்தான் நினைக்கிறது, அதனால்தான் அங்கே வேலை செய்கிறேன்.

உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "தங்கச்சி, பணத்த விடறேன்னு யார்கிட்டயும் சொல்லாத. வங்கி கொடுத்த கடிதத்த எடுத்து வை" என்றேன். மறுநாள் இரண்டு காகிதம் தயாரானது. ஒன்று, 166,500-தான் தருவோம் என்று வங்கி கொடுத்த கடிதம். இன்னொன்று, கடன் தொகை குறைந்ததால் எந்த வரியின்படி விலகுகிறோம் என்று தேதி போட்டு அவர்கள் எழுதிய கடிதம். குரல் பதிவு போதாது. காரணமும் தேதியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பிறகு ஐயா. இந்தச் செய்தியைப் போனில் சொல்லக்கூடாது என்று நேரில் போனேன். கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "வாக்குன்னா வாக்குதாம்மா. நடுவுல இன்னொருத்தர் வந்தாரு, பேசி முடிச்சாச்சுன்னு நான்தானே திருப்பி அனுப்பினேன்?" அவர் கோபம் நியாயமானது. நான் வாதாடவில்லை. படிவத்தை எடுத்து அந்தப் பேனா எழுத்தையும் பக்கத்தில் இருந்த அவருடைய கையெழுத்தையும் காட்டினேன். மதிப்பு ஏன் குறைந்தது என்பதையும் மறைக்கவில்லை. அடுப்படிப் பேச்சு வந்தபோதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. "முப்பதாயிரம் வெள்ளி போட்டேன்மா அதுக்கு" என்றார். விலையைக் குறைத்தால் அந்தத் தம்பதி மறுபடி வருவார்களா என்று கேட்கட்டுமா என்றேன். முடியாது என்றார். அது அவர் உரிமை, வற்புறுத்தவில்லை. கடைசியில் அவர் மனைவிதான் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சின்னஞ்சிறுசுங்க, கொடுத்துடுங்க" என்றார். ஐயா ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பணம் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து முழுசாகத் திரும்பிவிட்டது.

அந்தத் தம்பதி ஏன் அவ்வளவு பயந்தார்கள் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும். தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் எத்தனையோ குடும்பம் நின்ற இடம் இல்லாமல் போனது. நம் ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டுக் காகிதம் என்றாலே கை நடுங்கும். அவர்களை அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்குவது பாவம்.

சரி, மற்ற நிலைமைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். விற்பவர் ஏற்றுக்கொண்டு பதில் அனுப்புவதற்கு முன்பே நீங்கள் விலகினால், 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உங்கள் பக்கம். ஏற்கும் முன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். அவர் ஏற்ற பிறகு, கடன் வரி எதுவும் இல்லாமல், மனசு மாறிவிட்டது என்று விலகினால் முன்பணம் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு விலகினால் ஆபத்தில் இருப்பது 10 விழுக்காடு, அதற்கு ஏஜென்டிடம் கேட்காதீர்கள், லோயரைப் பாருங்கள். விற்பவரே பின்வாங்கினால், முன்பணத்தோடு அதே அளவு தொகையை ஈடாகவும் கொடுக்க வேண்டும் என்று பல படிவங்கள் சொல்கின்றன. உங்கள் படிவம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

ஐயாவின் வீடு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அடுப்படிக்குப் பிளான் வரைந்து நகராண்மைக் கழகத்தில் கொடுக்க ஒருவரை ஏற்பாடு பண்ணியிருக்கிறோம். ஒப்புதல் வந்தால் மதிப்பீட்டாளரிடம் காட்ட அவர் கையில் காகிதம் இருக்கும். அந்தத் தம்பதிக்கு வரும் சனிக்கிழமை வேறு தாமானில் ஒரு வீடு காட்டுகிறேன். பின்பக்கம் நீட்டிக் கட்டியிருக்கிறார்களா, பிளான் இருக்கிறதா என்று அந்தத் தங்கச்சியே போன் பண்ணிக் கேட்டுவிட்டாள்.