சுலபமாகக் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய ரைபிள் எது? சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "ரேஞ்சில் சுடப் பழகிக்கொண்டிருக்கிறேன். சொந்தமாக ஒரு ரைபிள் வாங்கப் போகிறேன். கழற்றிச் சுத்தம் செய்ய எது சுலபம்? ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் முழுதாகக் கழற்றத்தான் வேண்டுமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

இதைக் கேட்டதும் பலர் ஏகே-47 என்று சொல்லிவிடுவார்கள். கழற்றுவதை மட்டும் பார்த்தால் அது சரிதான். மேகசினை எடுத்து, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற இடம்) தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, பின்னால் இருக்கிற பொத்தானை அழுத்தினால் மேல்மூடி கையோடு வந்துவிடும். அப்புறம் ஸ்பிரிங், போல்ட் கேரியர், அது சுமக்கிற போல்ட் (தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிப் பின்னால் அடைக்கிற பாகம்), வாயு போகிற கேஸ் ட்யூப். கருவி எதுவும் வேண்டாம். உதிரிகளும் பெரியவை, புல்லில் விழுந்தால்கூடத் தேடி எடுத்துவிடலாம். ஆனால் குழலுக்குள் கிளீனிங் ராடை எந்தப் பக்கமாக விடுவீர்கள்? ஏகேயின் பின்பக்கம் அடைத்திருக்கிறது. வாய்ப் பக்கமாகத்தான் விட வேண்டும்.

நான் பார்க்கச் சொல்வது இதைத்தான். குழலின் வாயில், குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற விளிம்பு இருக்கிறதே, அதைக் கிரவுன் என்பார்கள். ராடு உரசி உரசி அது ஒரு பக்கம் தேய்ந்துபோனால், குண்டு வெளியேறுகிற நேரத்தில் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பீறிடும், குண்டு கோணிக்கொண்டு போகும். ஏகேயைச் செய்தவர்களுக்கும் இது தெரியும். அதன் கிளீனிங் கிட் டப்பாவின் மூடியைக் குழல் வாயில் மாட்டி, அதன் ஓட்டை வழியாகத்தான் ராடை விடுவார்கள். ராடு விளிம்பில் படாமல் இருக்க அந்த ஏற்பாடு.

அதனால் கடையில் ரைபிளைக் கையில் வாங்கியதும், பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் நேராகப் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். எத்தனை உதிரி என்பதை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.

அப்படிப் பார்த்தால் போல்ட் ஆக்‌ஷனை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுகிற ரைபிள் இது. மவுசர் 98 வகையில் இடப்பக்கம் இருக்கிற சிறிய பிடியை விரலால் வெளியே இழுத்து, போல்ட்டைப் பின்னால் உருவினால் போதும். பழைய மோசின்-நாகன்ட்டில் டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தால் வந்துவிடும். இப்போது வருகிற பெரும்பாலான போல்ட் ரைபிள்களும் ஏறக்குறைய இதே மாதிரிதான். போல்ட் வந்துவிட்டால் பின்னாலிருந்து ராடு நேராகப் போகும்.

ஒரு எச்சரிக்கை. போல்ட்டை உருவுவது வேறு, போல்ட்டையே பிரிப்பது வேறு. மோசினின் போல்ட்டைக் கருவி இல்லாமல் பிரித்துவிடலாம்தான், ஆனால் திரும்பப் பூட்டும்போது ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற ஊசி) எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து வைக்க வேண்டும். அதிகமாக நீண்டால் தோட்டாவின் அடியில் தீ மூட்டுகிற சிறு பாகமான பிரைமரையே துளைத்துவிடும். லீ-என்ஃபீல்டு வைத்திருப்பவர்கள் இரண்டு துப்பாக்கிகளின் போல்ட்டுகளை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் சேம்பருக்கும் உள்ள இடைவெளி, அந்தந்தத் துப்பாக்கிக்கென்று பொருத்தப்பட்டது.

லீவர் ஆக்‌ஷன் (டிரிகருக்குக் கீழே இருக்கிற லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா போடும் வகை) ஆசை இருந்தால் மார்லின் 336 பக்கம் போங்கள். ஒரே ஒரு திருகைக் கழற்றினால் லீவர் வரும், பின்னால் போல்ட் வரும், குழல் திறந்துவிடும். காலித் தோட்டாவை வெளியே தள்ளுகிற எஜெக்டர் தனியாக விழுந்துவிடும், அதை மட்டும் கவனியுங்கள். வின்செஸ்டர் 94 அழகான துப்பாக்கி, ஆனால் அதைப் பிரித்தால் திரும்பப் பூட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

சிறிய தோட்டா போடுகிற .22 ரைபிள்களில் எல்லோரும் வாங்குகிற ரூகர் 10/22க்கும் பின்பக்கம் அடைப்புதான். போல்ட் ஓடுகிற கூடான ரிசீவரின் பின்சுவரில் ராடு போகிற அளவுக்கு ஓட்டை போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2012இல் வந்த டேக்டவுன் மாடலில் குழலையே திருகித் தனியாக எடுத்துவிடலாம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஏஆர்-15 பற்றியும் கேட்பீர்கள். இரண்டு பின்னைத் தள்ளினால் மேல்பாதி தனியாக வந்துவிடும், பின்பக்கமும் திறந்திருக்கும். குழலுக்கு நல்லது. ஆனால் வாயு நேராகப் போல்ட் கேரியருக்குள் வருவதால் கரி அங்கேதான் சேரும், அதைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். உதிரிகளும் சின்னவை. போல்ட்டைத் திருப்பிப் பூட்டுகிற கேம் பின்னைப் போட மறந்து பூட்டிச் சுட்டால் போல்ட் பூட்டிக்கொள்ளாமலே வெடிக்கலாம், ஆளுக்கே ஆபத்து. இதன் ராணுவ வடிவமான எம்16ஐ 1960களில் வியட்நாமுக்கு அனுப்பியபோது, சுத்தமே செய்ய வேண்டாம் என்ற பேச்சு பரவி, பலருக்குக் கிளீனிங் கிட்டே கொடுக்கவில்லை. வெடிமருந்தையும் மாற்றியிருந்தார்கள், சேம்பருக்குக் குரோம் பூச்சும் இல்லை. சண்டை நடுவில் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது. சேம்பருக்குக் குரோம் பூசியதும், கிட் கொடுத்ததும், ஒழுங்காகச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்ததும் சேர்ந்துதான் நிலைமை சரியானது.

சரி, ஒவ்வொரு முறையும் முழுதாகக் கழற்ற வேண்டுமா? வேண்டாம். போல்ட் ரைபிளில் குழலையும் ரிசீவரையும் தோளில் வைக்கிற கட்டையிலிருந்து சும்மா சும்மா பிரிக்காதீர்கள். திருகுகளின் இறுக்கம் மாறினால் குறி நகர்ந்துவிடும், மறுபடி ஜீரோ செய்ய (சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்ய) வேண்டியிருக்கும். போல்ட்டை எடுத்து, பின்னாலிருந்து கரைசல் நனைத்த துணி, பிரஷ், பிறகு உலர்ந்த துணி, கடைசியில் மெல்லிய எண்ணெய். அவ்வளவுதான். தாமிரக் கறை எடுக்கிற அமோனியாக் கரைசலைப் போட்டால் புட்டியில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாதீர்கள், வெண்கலப் பிரஷ்ஷையும் அது அரித்துவிடும். அடுத்த முறை சுடுவதற்கு முன்னால் குழலில் இருக்கிற எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். .22இல் குழலை அடிக்கடி தேய்க்கவே தேவையில்லை. ஈயமும் மெழுகும் சேர்வது சேம்பரிலும் போல்ட் முகத்திலும்தான், அங்கே துடைத்தால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய ராணுவ உபரித் தோட்டாக்கள் சிலவற்றின் பிரைமர், சுட்டபின் குழலில் உப்பை விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எண்ணெய் அதைக் கரைக்காது. அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுங்கள். போல்ட் முகத்தையும் அதே மாதிரி.

அடுத்து, ஸ்கோப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்.