லயத்து நாய்களும் ஒரு சான்றிதழும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அறிவிப்பாளர் என்னை நாய்ப் பயிற்சியாளர் என்று அறிமுகப்படுத்தினார். அதில் ஒரு சிறு திருத்தம் செய்துகொள்கிறேன். நாய்களோடும் நாய் வளர்ப்பவர்களோடும் வேலை செய்கிறேன், உண்மைதான். ஆனால் சான்றிதழ் இன்னும் கையில் இல்லை. அதற்கான பரீட்சையை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவள் நான். இந்தத் திருத்தம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உலகின் பெரும்பாலான நாடுகளில் நாய்ப் பயிற்சியாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட எந்த அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. அமெரிக்காவில் முடி வெட்டுகிறவருக்கு உரிமம் வேண்டும், கடிக்கிற நாயைத் திருத்தித் தருகிறேன் என்று காசு வாங்குகிறவருக்கு வேண்டாம். ஒரு விசில், ஒரு சங்கிலி, கொஞ்சம் உரத்த குரல் இருந்தால் போதும் என்ற நிலை. அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்களே சேர்ந்து தங்களுக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டார்கள்.

2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய, தொழில்முறை நாய்ப் பயிற்சியாளர்களுக்கான ஒரு சான்றளிப்புப் பேரவை இருக்கிறது. சி.சி.பி.டி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பயிற்சி நெறி எதையும் நடத்தாமல், பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிற அமைப்பு அது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பாடசாலைக் கல்வியை முடித்திருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது 300 மணித்தியாலம் பயிற்சி வேலை செய்திருக்க வேண்டும். அதை ஒரு மிருக வைத்தியரோ, ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவரோ உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டும். இவ்வளவும் ஒப்பேறிய பிறகுதான் பரீட்சை: மூன்று மணித்தியாலத்தில் 180 கேள்விகள். விலங்குகள் எப்படிக் கற்கின்றன, நாயின் இயல்பு என்ன, அதன் உடல்நலம், கருவிகள், பிறகு ஆட்களுக்குக் கற்பிக்கும் திறன் என்று கேள்விகள் பரந்திருக்கும். தேறினாலும் அத்தோடு முடிவதில்லை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அந்தப் பரீட்சையில் நாயே கிடையாது. கேள்விக்குப் பதிலைத் தெரிவு செய்வதுதான். இதைக் கேட்டு என் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது. புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர் நாயின் முன்னால் திணறலாம். அந்த ஓட்டையை அடைப்பதற்குத்தான் 300 மணித்தியாலம் என்ற நிபந்தனை. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த மணித்தியாலங்களில் பெரும்பகுதி கற்பிக்கும் வேலையாக இருக்க வேண்டும். நாயை நான் தனியே கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதாது. நாயோடு வாழ்கிறவருக்கு நான் சொல்லிக்கொடுத்து, அவர் நாய்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இங்கேதான் மலையகத்தின் கதை வருகிறது. நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் பங்களாக்களிலும் விடுதிகளிலும் நல்ல சாதி நாய்கள் இருக்கின்றன. கூப்பிடுவார்கள், கூலியும் தருவார்கள். ஆனால் வகுப்புக்கு வருவது யார்? நாயும், அந்த நாயைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு இருக்கும் தம்பியும். உரிமையாளர் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையசைப்பார். தம்பி நன்றாகக் கற்றுக்கொள்வார், நாயும் அவர் சொல்லைக் கேட்கும். ஆறு மாதத்தில் தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுவார். பிறகு உரிமையாளர் தொலைபேசியில், "உங்கள் பயிற்சி நிலைக்கவில்லையே" என்பார்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், நேர்மாறு. ஒரு நாயைக் கூப்பிட்டால் ஆறு காம்பராவிலிருந்து ஆட்கள் வந்து நிற்பார்கள். பாட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அக்காமார் எல்லோரும் கருத்துச் சொல்வார்கள். "என்ன பிள்ளை, நாய்க்கும் டியூஷனா?" என்று ஒரு தாத்தா கேட்பார். கேட்டுவிட்டுப் போகமாட்டார், கடைசிவரை நின்று பார்ப்பார். கற்பிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வகுப்பறை எனக்கு வாய்க்காது. காசு கிடைக்காது, அது வேறு விஷயம். மணித்தியாலம் கிடைக்கிறது. கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் பதிவதுபோல ஒரு கொப்பியில் நாள், இடம், நாயின் பெயர், யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று பதிந்துகொள்கிறேன்.

லயத்து நாய்க்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது நிறையக் கற்றிருக்கிறது, கற்றுக்கொடுத்தது நாம் என்பதுதான் நமக்குத் தெரியவில்லை. தபால் கொண்டுவருகிறவரைப் பார்த்து நாய் குரைக்கிறது. அவர் தபாலைக் கொடுத்துவிட்டு எப்படியும் போகத்தான் போகிறார். ஆனால் நாயின் கணக்கில், தான் குரைத்தது, ஆள் ஓடினான். தினமும் வெற்றி. தினமும் வெற்றி கிடைக்கிற வேலையை யார்தான் விடுவார்கள்? இன்னொன்று பாருங்கள். அடுப்படியில் ரொட்டி சுடும்போது நாய் வந்து காலைச் சுரண்டுகிறது. ஒரு வாரம் யாரும் கொடுக்காமல் இருக்கிறார்கள். நாய் முன்னைவிட அதிகமாகச் சுரண்டுகிறது, குரல் கொடுக்கிறது. எட்டாம் நாள் பாட்டி மனமிரங்கி ஒரு துண்டைப் போடுகிறார். ஒரு வாரம் விடாமல் சுரண்டினால் கிடைக்கும் என்று நாய்க்கு அன்று பாடம் முடிந்தது. தினமும் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு உறுதியாகப் பதிந்திருக்காது. எப்போதாவது கிடைப்பதற்காகக் காத்திருக்கும் பழக்கம்தான் எளிதில் போகாதது. லொத்தர் டிக்கெட் வாங்குகிற எல்லோருக்கும் இது புரியும்.

பரீட்சைக்குப் படிக்கிற பாடத்தின் அடிப்படையும் இதுதான். 1898இல் தோர்ண்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைக் கூண்டில் வைத்து, தாழ்ப்பாளைத் திறக்க அவை எப்படிக் கற்கின்றன என்று பார்த்து எழுதினார். நல்ல விளைவு தந்த செயலை விலங்கு மறுபடி செய்யும் என்பது அவர் கண்ட விதி. பிறகு ஸ்கின்னர் என்ற உளவியலாளர் அதை விரித்தார். அவருடைய மாணவர்களான கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதி பரிசோதனைக்கூடத்தை விட்டு வெளியே வந்து, விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாக்கினார்கள். பிற்காலத்தில் மரியனும் அவருடைய இரண்டாவது கணவர் பொப் பெய்லியும் நாய்ப் பயிற்சியாளர்களுக்கு முகாம் நடத்தினார்கள். அங்கே நாய்க்குப் பதிலாகக் கோழியைக் கொடுத்தார்கள்!

காரணம் இருக்கிறது. நாம் தவறாகச் சொல்லிக்கொடுத்தாலும் நாய் ஊகித்து, நம் முகத்தைப் பார்த்து, எப்படியோ சமாளித்துவிடும். கோழிக்கு நம்மேல் பாசம் கிடையாது, அசைவோ மின்னல் வேகம். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அம்மாவின் கோழியிடம் நானும் பழகுகிறேன். நீல நிறப் போத்தல் மூடி ஒன்றைத் தரையில் வைப்பேன். கோழி அதைக் கொத்தும் அந்தக் கணத்தில் பேனாவின் முனையை டிக் என்று அழுத்துவேன், உடனே இரண்டு அரிசி. டிக் சத்தம் அரைவிநாடி பிந்தினால், கொத்தியதற்கு அல்ல, கொத்திவிட்டுத் தலையை உயர்த்தியதற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். பிறகு கோழி மூடியைத் தொடாமல் தலையை மட்டும் உயர்த்தி உயர்த்தி என்னைப் பார்க்கும். வெட்கமாக இருக்கும். ஆனால் இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது.

இனி, லயத்து வகுப்பில் நாங்கள் அதிகம் செய்கிற ஒரு பாடத்தைச் சொல்கிறேன். உட்கார், படு, கைகொடு எல்லாம் பிறகு. முதலில் ஊசி. அரசு இலவசமாகப் போடும் விசர்நாய்த் தடுப்பூசிக்காரர்கள் தோட்டத்துக்கு வரும் நாளில் பாதி நாய்கள் தேயிலைக்குள் பாய்ந்துவிடும். மீதியை வலை போட்டோ, கழுத்தில் கயிறு இறுக்கியோ பிடிப்பார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய வான் வண்டியின் சத்தம் கேட்டாலே அந்த நாய் மலை உச்சியில் நிற்கும். இந்தத் தீவில் விசர்நாய்த் தடுப்புச் சட்டம் 1893இலும் நாய்ப் பதிவுச் சட்டம் 1901இலும் வந்துவிட்டன. ஆனாலும் ஊசி நாய்க்குள் இறங்க வேண்டுமானால் நாய் நிற்க வேண்டுமே.

ஊசி பெரும்பாலும் கழுத்துக்குப் பின்னால் தோளருகில் போடப்படும், சில சமயம் பின்தொடையில். இரண்டு இடத்தையும் பழக்குகிறோம். நெத்தலிக் கருவாட்டை உப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு துண்டுகளாக்கிக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான் இதில் கெட்டிக்காரர்கள். பிள்ளையின் கை முதலில் நாயின் தோளைத் தொட வேண்டும், அதன் பிறகே மறுகையிலிருந்து நெத்தலி வர வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. நெத்தலியைக் காட்டிவிட்டுத் தொட்டால், நெத்தலியைக் கண்டதும் ஏதோ நடக்கப்போகிறது என்று நாய் சந்தேகப்படத் தொடங்கும். தொட்டபின் நெத்தலி வந்தால், தொடுவதையே எதிர்பார்த்து நிற்கும். சில நாள் கழித்துத் தோலை இரு விரலால் மெல்லத் தூக்கிவிட்டு நெத்தலி. பிறகு பேனா மூடியால் சற்று அழுத்திவிட்டு நெத்தலி. பிறகு வேறு லயத்து ஆள் வந்து செய்ய வேண்டும், ஏனென்றால் ஊசி போடுகிறவர் அந்நியர்.

இடையிடையே நாயின் முகத்தைப் பார்க்கச் சொல்வேன். பசியில்லாமல் நாக்கால் மூக்கை நக்கினால், தூக்கமில்லாமல் கொட்டாவி விட்டால், தலையைத் திருப்பி ஓரக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால், நிறுத்திவிட வேண்டும். வால் ஆடுவதை மட்டும் நம்பக் கூடாது, விறைத்த உடம்போடு ஆடும் வாலுக்கு அர்த்தம் வேறு. உறுமினால் அடிக்கக் கூடாது. அடித்தால் உறுமல்தான் நிற்கும், கோபம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் பல் இறங்கும். அப்படிக் கடி விழுந்துவிட்டால், மஞ்சளும் சுண்ணாம்பும் தேடாமல், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய் நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியில்லை.

வகுப்பில் எப்படியும் ஒருவர் கேட்கிற கேள்வி இது: "நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டாமா?" நாய்க்கு முன்னால் நாம் சாப்பிட வேண்டும், வாசலில் நாம்தான் முதலில் நுழைய வேண்டும், எதிர்த்தால் மல்லாக்கத் தள்ளி அமுக்க வேண்டும் என்றெல்லாம் எங்கேயோ பார்த்திருப்பார்கள். 1947இல் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய எண்ணம் அது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர். காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பார்த்த பிறகு, 1999இல் அவரே அதை மறுத்து எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பம், அவ்வளவுதான். மலையகத்தில் தலைவர்களுக்குப் பஞ்சமில்லை. நாய்களுக்கும் ஒருவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டு நான் நெத்தலியை எடுப்பேன்.

எல்லாவற்றையும் பயிற்சியால் தீர்க்கலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். இரவில் லயத்து ஓரத்தில் சங்கிலியில் கட்டிய நாய் ஓயாமல் ஊளையிடுகிறது, அதை நிறுத்திக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தை நடமாடுவது உங்களுக்குத் தெரியும். நாய் அதற்கு இரை. வெளியே கட்டிய நாய்க்கு ஓட வழியில்லை. அது பயத்தில் கத்துவதை நான் எப்படி நிறுத்துவது? அந்த நாய்க்கு வேண்டியது தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. இடமில்லாத ஒற்றைக் காம்பராவில் இதைச் சொல்வது எனக்கும் எளிதல்ல. பழைய மரப்பலகையும் தகரமும் கொண்டு வாசல் இஸ்தோப்பில் ஒரு கூண்டு அடிக்க உதவியிருக்கிறோம். அந்த வேலையை என் 300 மணித்தியாலத்தில் சேர்க்க முடியாது, சேர்க்கவும் இல்லை.

இந்த வழியில் வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டொரு வார்த்தை. பொலிஸ் நாய்ப் பிரிவில் சேரலாமே என்று பலர் கேட்கிறார்கள். கண்டி அஸ்கிரியவில் அதன் தலைமையிடம் இருக்கிறது, நல்ல வேலைதான். ஆனால் அது பொலிஸ் உத்தியோகம், பொலிஸில் சேர்ந்துதான் அங்கே போக வேண்டும். நான் சொல்வது வேறு பாதை. பரீட்சை ஆங்கிலத்தில்தான் நடக்கும், கட்டணம் டாலரில். ரூபாயில் சேமிக்கும்போது டாலர் மேலே போய்க்கொண்டே இருக்கும், அதற்கு என்னிடமும் மருந்தில்லை. ஆங்கிலத்துக்கு மருந்து உண்டு. பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யுங்கள். தண்டனையையும், கிடைத்த வேதனையிலிருந்து விடுபடுவதால் பிறக்கும் கற்றலையும் போட்டுக் குழப்புகிற கேள்விகள் வரும். தபால்காரர் போய்விடுவதால் குரைப்பதை விடாத நாயை நினைத்துக்கொண்டால் விடை சரியாக விழும்.

முதலில் செய்ய வேண்டியது உங்கள் பகுதி மிருக வைத்தியரைப் போய்ப் பார்ப்பது. தடுப்பூசி நாளில் நாய்களை வரிசையில் நிறுத்த உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டார். நீங்கள் நாயைத் தொடும் விதத்தை அவர் கண்ணால் பார்த்திருந்தால்தான் பின்னாளில் உங்கள் மணித்தியாலங்களுக்கு மனமொப்பிக் கையெழுத்துப் போடுவார். போகும்போது நெத்தலியை மறக்காதீர்கள், உப்பை மட்டும் ஊறவைத்துப் போக்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.