விரலில் குத்தும் முதல் வகுப்புக்கு முன்னால்

வணக்கம் நேயர்களே. பார்மசி படிக்கும் மாணவர்கள் பலர் முதன்முதலாக ரத்தத்தைக் கையாள்வது மருத்துவமனையில் அல்ல, கல்லூரி ஆய்வகத்தில்தான். ஹீமோகுளோபின் அளவு பார்க்கும் செய்முறை வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, லான்செட் என்ற சிறு ஊசியால் குத்தி, சாஹ்லி பிப்பெட் என்ற மெல்லிய அளவுக் குழாயில் 20 மைக்ரோலிட்டர் கோடு வரை ரத்தத்தை ஏற்ற வேண்டும். பிப்பெட்டில் ஒரு ரப்பர் குழாய். அதன் மறுமுனை வாயில். கொஞ்சம் பலமாக உறிஞ்சினால் போதும், ரத்தம் கோட்டைத் தாண்டி மேலே ஏறிவிடும். இந்தப் பழக்கம் எங்கே இருந்தாலும் இன்றோடு நிற்க வேண்டும். வாய்க்குப் பதில் ஒரு சின்ன ரப்பர் பல்பு போதும்.

அதே மேசையில் இன்னொரு தவறும் நடக்கிறது: ஒருவரைக் குத்திய லான்செட்டை ஸ்பிரிட்டில் துடைத்து அடுத்தவர் விரலில் குத்துவது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும்கூட, குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். ஸ்பிரிட்டில் ஒருமுறை துடைப்பதை நம்ப முடியாது. ஆளுக்கு ஒரு லான்செட். குத்தியதும் மூடி போடாமல், குத்தித் துளைக்க முடியாத டப்பாவில் நேராகப் போட வேண்டும். முக்கால் பாகம் நிரம்பியதும் டப்பாவை மாற்றிவிட வேண்டும். மேலே திணிக்கும்போதுதான் கையில் குத்தும்.

எச்.ஐ.வி. என்றால் பதறுகிற மாணவர், ஹெபடைடிஸ் பி-யை ஏதோ மஞ்சள் காமாலை என்று விட்டுவிடுகிறார். அசுத்தமான தண்ணீரால் வருவது ஏ, இ வகைகள். பி வகை ரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவுவது. சேர்ந்து சாப்பிடுவதால் வராது. தொற்றுள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், எதிர்ப்பு சக்தி இல்லாத 100 பேரில் 6 முதல் 30 பேருக்கு இது தொற்றலாம். எச்.ஐ.வி.யில் அது 1000 பேருக்கு 3 பேர் அளவுதான். பயம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 தவணை: முதல் நாள், 1 மாதம் கழித்து, 6 மாதம் கழித்து. ஆக, கல்லூரியில் சேர்ந்த வாரமே தொடங்கினால்தான் மருத்துவமனைப் பயிற்சிக்குள் முடியும். பலர் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதைத் தவறவிட்டவர் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட தவணையைப் போட்டால் போதும். மேல்கைத் தசையில்தான் போட வேண்டும். பிட்டத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி எதிர்ப்பு சக்தி குறைவாகவே உருவாகும். மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதிலுள்ள அலுமினிய உப்பு கட்டிக்கொள்ளும். பிறகு உருகினாலும் அது பயன்படாது. ஃப்ரிட்ஜின் உறைபெட்டியை ஒட்டி இதை வைக்கக் கூடாது என்பது பார்மசி மாணவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஊசிக்கு 1 முதல் 2 மாதம் கழித்து ஆன்டி-எச்.பி.எஸ். பரிசோதனை செய்யுங்கள். தடுப்பூசியால் உருவான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், எவ்வளவு என்று அது காட்டும். மில்லி லிட்டருக்கு 10 மில்லி சர்வதேச யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. குறைந்தால் இன்னொரு சுற்று போட்டு மறுபடி பார்க்க வேண்டும். பெயர் குழப்பத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனையைச் செய்துவிடுகிறார்கள், அது தொற்றைக் காட்டுவது. எச்.பி.எஸ்.ஏ.ஜி.யில் பாசிட்டிவ் வந்தால் கவலைப்பட வேண்டும், ஆன்டி-எச்.பி.எஸ்.ஸில் வந்தால் நிம்மதி. இன்னொன்று: தடுப்பூசி போட்ட 18 நாளுக்குள் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்தால், ஊசியிலுள்ள புரதமே பாசிட்டிவ் காட்டலாம்.

ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள், பிளீச்சிங் கரைசல் ஊற்றாதீர்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தடுப்பூசியே போடாதவருக்கு, ரத்தம் தொற்றுள்ளவருடையது என்றால், எடையில் கிலோவுக்கு 0.06 மில்லி லிட்டர் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயத்த ஆன்டிபாடி ஊசி, தேவை. 60 கிலோ மாணவருக்கு 3.6 மில்லி லிட்டர். கூடவே தடுப்பூசியும், உடலின் வேறு இடத்தில். 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. 7 நாள் கடந்தால் பலன் உறுதியில்லை. குத்தியது எத்தனை மணிக்கு, உங்கள் ஆன்டிபாடி அளவு எவ்வளவு என்று மருத்துவர் கேட்பார். அந்த அளவை ஒரு சீட்டில் எழுதி அடையாள அட்டைக்குப் பின்னால் இப்போதே செருகி வையுங்கள்.